அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்

கேள்வி: என் கணவர் பன்னிரண்டு வருடங்களாகக் குடிக்கிறார். முன்பு கூலி கிடைத்த நாட்களில் மட்டும் தவறணைக்குப் போனவர், இப்போது கை நடுங்குகிறது என்று காலையிலேயே குடிக்கிறார். குடிப்பவர்களின் குடும்பத்தினர் கூடிப் பேசும் குழுவொன்றுக்குப் போகுமாறு கிளினிக்கில் ஒரு தாதி சொன்னார். கணவரைக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டார். நான் தனியே போய் என்ன பயன்? வீட்டுக் கதையை வெளியில் சொன்னால் நாளைக்கு அது சந்தையிலும் கேட்காதா?
— பெயர் வேண்டாம், தென்மராட்சி

பதில்: சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் கை நடுங்கும் அளவுக்குக் குடிப்பவர், நல்லூர்க் கொடியேற்றத்தோடு விடுகிறேன் என்று சத்தியம் செய்து ஒரேயடியாக நிறுத்தினால், இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்து ஆளை அறியாத மாறாட்டமும் வரக்கூடும். அதில் உயிரே போவதுண்டு. எனவே அவர் நிறுத்த விரும்பும் நாளில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உள்ள மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். குழு மருந்துக்குப் பதிலாகாது.

இனி உங்கள் கேள்வி. தாதி போகச் சொன்னது உங்களை. குடிப்பவர்களுக்கான குழு வேறு, அவர்களோடு வாழ்பவர்களுக்கான குழு வேறு. 1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ‘அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்’ என்ற, குடியை விட விரும்புபவர்களின் குழு தொடங்கிய பின்னர், ஆண்கள் கூட்டத்தில் இருக்கையில் வெளியே காத்திருந்த மனைவிமார் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். அத்தகைய பேச்சுகளிலிருந்துதான் 1951 இல் குடும்பத்தினருக்கான ‘அல்-அனொன்’ உருவானது. குடிப்பவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் வீட்டிலிருப்பவர் வாழ வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கூலி வாங்கியவுடன் அரிசிக்கான காசை எப்படி ஒதுக்குவது, தவறணைக் கடனை ஏன் நீங்கள் அடைக்கக் கூடாது, வேலைக்குப் போகாத நாளில் ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று முதலாளிக்குச் சொல்லும் பொய்யை எப்போது நிறுத்துவது என்பவற்றை அதே பாடுபட்ட இன்னொரு பெண் சொல்லும்போது, அது எந்த ஆலோசகரின் சொல்லைவிடவும் காதில் ஏறும்.

கதை வெளியே போகும் என்ற பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். பெயரைச் சொன்னதுமே எந்தக் குறிச்சி, யாருடைய பேத்தி என்று பிடித்துவிடும் மண் இது. முழுப் பெயரைச் சொல்லாதிருப்பது என்ற அந்தக் குழுக்களின் வழமை இங்கே அரைவாசிதான் உதவும். ஆகவே இயலுமானால் உங்கள் ஊரிலுள்ள குழுவை விட்டு, ஒரு பஸ் தூரத்திலுள்ள குழுவுக்குப் போங்கள். உள்ளே பேசியது வெளியே போனால் என்ன செய்வீர்கள் என்று நடத்துபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம். முதல் சில கூட்டங்களில் வாயே திறக்கத் தேவையில்லை. திறக்கும்போதும் அவருடைய குற்றங்களை அடுக்காமல் உங்களுக்கு நேர்வதைச் சொன்னால் போதும்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: தவறணை வாசலில் நிற்பவரை ஊர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, அதற்குத் தெரியாதது உங்கள் பாடு மட்டுமே. (செத்தவீட்டுக்கு அந்தியேட்டி வரை திரண்டு நிற்கும் நாங்கள், உயிரோடிருப்பவரின் நோய்க்குப் படலையைச் சாத்திக்கொள்வது எனக்கு இன்றும் விளங்காத வழக்கம்.)

அருகில் குழு எதுவும் இல்லையென்றால், கிளினிக்கில் உங்களைப் போலவே காத்திருக்கும் இரண்டு மூன்று பெண்களை அந்தத் தாதி மூலம் அறிந்து, கிழமைக்கு ஒருநாள் ஒரு மணித்தியாலம் கூடுங்கள். ஆனால் அங்கே சீட்டுப் பிடிக்க வேண்டாம். காசு நுழைந்தால் பேச்சு கணக்காகிவிடும்.

அவர் அடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடிப்பாரானால் குழு பின்னர் இருக்கட்டும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.