பனிமலைக்குப் போனால் சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைப்பது?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். பிப்ரவரி பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பமும் நண்பர் குடும்பமும் சேர்ந்து, பிரான்ஸில் இருக்கும் வால் தோரான்ஸுக்குக் காரில் ஸ்கீ விடுமுறை போகிறோம். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் நான்கு பேர். சமையலறையுள்ள அபார்ட்மென்ட் எடுத்திருக்கிறோம். போன தடவை வேறொரு ஊரில் மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டதில், சாப்பாட்டுச் செலவு வாடகையைத் தாண்டிவிட்டது. இந்தத் தடவை எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுபோய்ச் சமைத்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். அப்படியானால் நானும் தோழியும் அவ்வளவு தூரம் போயும் அடுப்படியில்தான் நிற்க வேண்டும். காசும் மிச்சமாக வேண்டும், எனக்கும் அது விடுமுறையாக இருக்க வேண்டும். வழி இருக்கிறதா? எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது; தோழி சைவம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வழி இருக்கிறது. உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. சமைத்துச் சாப்பிட்டால் நிறையவே மிச்சமாகும். ஆனால் அந்த மிச்சம் இரண்டு பெண்களின் விடுமுறையிலிருந்து வரக்கூடாது. அதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

போன தடவை காசு எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரவு உணவில் போனதைவிட மதியத்தில் போனது அதிகமாக இருக்கும். சரிவின் நடுவே இருக்கும் உணவகங்களில் சாதாரணமாக ஒரு தட்டு 20 யூரோவைத் தாண்டும். பிள்ளைகளுக்குக் குளிர்பானம், பெரியவர்களுக்குக் காபி, மூன்று மணிக்குக் கை விறைத்துப்போய் ஆளுக்கொரு ஹாட் சாக்லேட் என்று சேர்த்தால், எட்டுப் பேருக்கு ஒரு மதியத்துக்கே ஒரு வாரத்து மளிகைப் பணம் போய்விடும். அந்தக் கடைக்காரர்களையும் குறை சொல்ல முடியாது. அரிசி மூட்டையிலிருந்து தண்ணீர் பாட்டில் வரை எல்லாமே மலையேறித்தான் வர வேண்டும். ஆண்டில் ஐந்து மாதம் சம்பாதித்துத்தான் அவர்கள் பன்னிரண்டு மாதத்தை ஓட்டுகிறார்கள். ஆனாலும் நீங்கள் தினமும் அங்கே உட்கார வேண்டியதில்லை.

மதியத்தை மட்டும் பிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த ஊர் ரொம்பத் தோதான ஊர். 2300 மீட்டர் உயரத்தில் இருக்கும் வால் தோரான்ஸில் பெரும்பாலான குடியிருப்புகளின் வாசல் வரை ஸ்கீயிலேயே வந்துவிடலாம். பன்னிரண்டரைக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றி, சூடாகச் சாப்பிட்டு, பிள்ளைகளின் ஈரக் கையுறைகளை ஹீட்டர் பக்கத்தில் காயவைத்து, இரண்டு மணிக்குத் திரும்பப் போகலாம். பன்னிரண்டரை மணிக்கு யார் சமைப்பது என்றால், யாரும் சமைக்க வேண்டாம். முந்தின இரவு சாம்பாரோ பருப்புக் குழம்போ வைக்கும்போதே இரண்டு மடங்காக வையுங்கள். அரிசியைக் காலையில் ரைஸ் குக்கரில் போட்டுவிட்டுப் போனால் அது சூடாகவே இருக்கும். இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் மின்சாரம் ஒரே அளவுதான், பிளக் மட்டும்தான் வேறு. ஒரு அடாப்டர் போதும்.

வீட்டிலிருந்து தூரமாகப் போகும் நாட்களும் இருக்கும். வால் தோரான்ஸையும் உள்ளடக்கிய 'மூன்று பள்ளத்தாக்குகள்' ஸ்கீ பகுதியில் மொத்தம் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை இருக்கும்போது பெரிய பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அன்றைக்குச் சாப்பாடு முதுகுப் பையில்தான். சாண்ட்விச் குளிரில் கல்லாகிவிடும், இட்லியும் அப்படித்தான். உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய சப்பாத்தியை அலுமினியத் தாளில் சுற்றி, ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தால் உடம்புச் சூட்டிலேயே மெத்தென்று இருக்கும். வாய் அகன்ற பிளாஸ்கில் புளிசாதமோ ரசம் சாதமோ நான்கைந்து மணி நேரம் தாங்கும். கடலை மிட்டாய், எள்ளுருண்டை எல்லாம் இந்த இடத்துக்கென்றே செய்தவை. சின்ன உருண்டையில் நிறையத் தெம்பு, உறைந்தாலும் கெடாது.

பல பிரெஞ்சு ஸ்கீ ஊர்களில், கொண்டுவந்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடவென்றே கூடங்கள் இருக்கும். 'சால் ஓர்-சாக்' என்பார்கள். உள்ளே கதகதப்பாக இருக்கும், மேசை நாற்காலி இருக்கும், எதுவும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. போய்ச் சேர்ந்த அன்றே சுற்றுலா அலுவலகத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டு, வரைபடத்தில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். உணவகத்தின் வெளித்திண்ணையில் உட்கார்ந்து சொந்த டப்பாவைத் திறக்காதீர்கள். அங்கே அது கூடாது, பிள்ளைகள் முன்னால் எழுப்பிவிட்டால் மனசு கஷ்டப்படும்.

அடுத்தது, எதைக் கொண்டுபோகலாம் என்பது. இதில் கணவர் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிறகு, 2021 முதல், இறைச்சியும் பால் பொருட்களும் அங்கிருந்து பிரான்ஸுக்குள் கொண்டுபோகக்கூடாது. உறையவைத்த கோழிக் குழம்பு, பன்னீர், தயிர், நெய் பாட்டில் எல்லாம் இதில் அடங்கும். எல்லையில் பிடித்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய்க்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் அதையும் விட்டுவிடுங்கள். வாழைப்பழமும் தேங்காயும் அந்தச் சான்றிதழ் தேவைப்படாத ஒருசில பழங்களில் சேர்ந்தவை, அவற்றைத் தைரியமாக எடுத்துப் போகலாம்.

அரிசி, பருப்பு, புளி, சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி, நல்லெண்ணெய், வீட்டில் காய்ச்சிய புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு விழுது, அப்பளம், ஊறுகாய் எல்லாம் போகட்டும். உண்மையில் இந்தப் பயணத்துக்கு இவைதான் வேண்டும். பாலும் தயிரும் வெண்ணெயும் முட்டையும் பிரான்ஸிலேயே அருமையாகக் கிடைக்கும். அந்த ஊர் வெண்ணெயை உருக்கினால் நெய்க்குக் குறை தெரியாது.

ஒரு முக்கியமான பொருளை மறந்துவிடாதீர்கள்: பிரஷர் குக்கர். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகட்டும் என்று காத்திருந்தால் பசியில் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள், கொண்டைக்கடலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குக்கர் இருந்தால் இரண்டு விசில் கூடுதலாக வைத்தால் போதும். ஆனால் புதுப்பித்த அபார்ட்மென்ட்களில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்புதான் இருக்கும். சாதாரண அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. அடிப்பகுதியில் காந்தம் ஒட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

காய்கறி, பால், பழம், ரொட்டியை மலையடிவாரத்தில் வாங்குங்கள். ஊருக்குள்ளும் சூப்பர்மார்க்கெட் உண்டு, விலைதான் கூடுதல். அடிவார ஊர்களான அல்பர்வில்லிலோ மூத்தியேயிலோ வாங்கிவிட்டு ஏறுவதுதான் சரி, ஏனென்றால் ஏறினபிறகு இறங்க மனசு வராது. மூத்தியேயிலிருந்து மேலே 35 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து போகும் பாதை. வால் தோரான்ஸில் சாமான் இறக்கியதும் காரைக் கட்டண நிறுத்துமிடத்தில் விட்டுவிட வேண்டும். பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் அடிவாரக் கடைகளில் கூட்டம் நெருக்கும். அதற்குப் பிரெஞ்சுக்காரர்களே செய்துவைத்திருக்கும் நல்ல ஏற்பாடு 'டிரைவ்'. சில நாள் முன்பே இணையத்தில் பட்டியல் போட்டு நேரம் குறித்துவிட்டால், சாமானைக் கட்டி வைத்திருந்து உங்கள் காரில் ஏற்றிவிடுவார்கள். லண்டனிலேயே உட்கார்ந்து நீங்களும் தோழியும் அந்தப் பட்டியலைப் போட்டுவிடலாம்.

வழிச் சாப்பாட்டையும் யோசியுங்கள். கடல் தாண்டிக் காரோடு பிரான்ஸில் இறங்கும் கலேயிலிருந்து வால் தோரான்ஸுக்கு 900 கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலைக் கடைகளில் எட்டுப் பேர் சாப்பிட்டால் மலையேறுமுன்பே பர்ஸ் இளைத்துவிடும். அந்தச் சாலைகளில் மேசையும் கழிப்பறையும் உள்ள இலவச ஓய்விடங்கள் அடிக்கடி வரும். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொள்ளுங்கள்.

குடிப்பதில் மிச்சம் பிடிப்பது இன்னும் சுலபம். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், பாட்டில் வாங்கவே வேண்டாம். உணவகத்தில் உட்கார்ந்தால் 'ஊன் காராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் ஒரு கூஜாவில் இலவசமாக வரும். கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், 2022 முதல் அதை மெனுவிலோ அறிவிப்பிலோ எழுதியிருக்க வேண்டும். அதனால் தயங்கவே வேண்டாம். பிள்ளைகள் கலர் தண்ணீர் கேட்டால் கோலாவுக்குப் பதில் 'சிரோ அ லோ' வாங்கிக் கொடுங்கள். பழச் சர்பத்தைத் தண்ணீரில் கலந்து தருவார்கள், பெரும்பாலும் மெனுவிலேயே விலை குறைந்த பானம் அதுதான். டீயை வீட்டிலேயே இஞ்சி தட்டிப் போட்டுப் பெரிய பிளாஸ்கில் எடுத்துப் போங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஏதாவது குடிக்கக் கொடுங்கள். அந்த உயரத்துக் காற்று உலர்ந்தது, தாகம் தெரியாமலே தலைவலி வந்துவிடும்.

ஆண்கள் மாலையில் ஒரு பீர் குடிக்க வேண்டும் என்றால், பல பார்களில் சரிவுகள் மூடும் நேரத்தை ஒட்டி விலை குறைத்துத் தருவார்கள். சரிவிலேயே பாட்டும் ஆட்டமுமாக இருக்கும் இடங்களை ஒரு தடவை வேடிக்கை பார்க்கலாம். குடிப்பதை வீட்டுக்கு வந்து, அடிவாரத்தில் வாங்கிய பாட்டிலைத் திறந்து குடித்துக்கொள்ளட்டும். வீடு வரை சறுக்கி வர வேண்டியிருக்கிறது என்பதையும் நினைவில் வைக்கட்டும்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஏழு இரவுகளையும் கிளம்புமுன்பே பங்கு பிரித்துத் தாளில் எழுதி, அபார்ட்மென்டின் ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். போய்ச் சேரும் இரவு யாரும் சமைக்க வேண்டாம், சோறு மட்டும் வைத்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்து அப்பளம் பொரித்தால் போதும். இரண்டு இரவுகள் உங்கள் கணவரும் நண்பரும். என்ன சமைத்தாலும் குறை சொல்லாமல் சாப்பிடுங்கள், ஆனால் பாத்திரம் கழுவுவதும் அவர்கள் பங்கில்தான் சேரும். இரண்டு இரவுகள் நீங்களும் தோழியும். காலை உணவுக்கு அடுப்பே வேண்டாம், அந்த ஊர் ரொட்டி, வெண்ணெய், ஜாம், பழம் போதும்.

ஆறாவது இரவு ராக்லெட். மேசை நடுவே சின்ன மின் அடுப்பை வைத்து, ஆளாளுக்குப் பாலாடைக்கட்டியை உருக்கி அவித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது. பல குடியிருப்புகளில் அந்த அடுப்பை இரவல் தருவார்கள், வரவேற்பு மேசையில் கேளுங்கள். ஆளுக்கு 200 கிராம் வெட்டிய ராக்லெட் சீஸை அடிவாரத்திலேயே வாங்கிவிட்டால், உணவகத்தில் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். உருளைக்கிழங்கு அவிப்பதைத் தவிர வேலையே இல்லை, பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. கூடவே தொட்டுக்கொள்ள ஊறுகாய் வைத்துப் பாருங்கள்.

மிச்சமான ஒரு இரவு கண்டிப்பாக வெளியே சாப்பிடுங்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செலவழிப்பது அதற்காகத்தான். மதியமே பிடிக்கும் என்றால், வெயிலடிக்கும் ஒரு நாளாகப் பார்த்துச் சரிவின் மேலே உட்கார்ந்து, அன்றைய ஸ்பெஷலான 'ப்ளா டு ஜூர்' கேட்டுச் சாப்பிடுங்கள். தோழிக்கும் உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அந்தப் பகுதியின் பேர்போன உருளைக்கிழங்கு-சீஸ் பதார்த்தமான தார்த்திஃப்லெட்டில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறில் செய்வது. உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபோண்டியூவில் வெள்ளை ஒயின் கலப்பார்கள். ஆர்டர் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அபார்ட்மென்ட் ஃபிரிட்ஜ் சின்னதாக இருக்கும். எட்டுப் பேரின் சாமானில் பாதியை பால்கனியில் வைக்க வேண்டிவரும். குளிர் போதும், ஆனால் அங்கே மஞ்சள் அலகுள்ள மலைக்காகங்கள் உண்டு. பிளாஸ்டிக் பையை நொடியில் கிழித்துவிடும். மூடி இறுக்கமான டப்பா இரண்டு எடுத்துப் போங்கள்.

திரும்பும்போது மிஞ்சின சீஸைக் காரில் போடாதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் பால் பொருட்களையும் இறைச்சியையும் சொந்தத் தேவைக்குக்கூட பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை போட்டிருக்கிறார்கள். கிளம்புமுன் அரசாங்க இணையதளத்தில் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தடை இருந்தால், வெள்ளிக்கிழமையே பிள்ளைகளுக்குச் சீஸ் தோசை சுட்டு முடித்துவிடுங்கள். சுடுவது உங்கள் கணவர்.