சமையல் மேடை, பேசின் மேடை: வாசகர் கேள்வி பதில்

ராணிப்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். அக்ரிலிக் ஷீட், குவார்ட்ஸ் பலகை, வார்ப்பு மார்பிள் பேசின் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். நம் பக்கம் விற்குமா?

மூன்றும் பிசினில் தாதுப்பொடி கலந்து செய்பவைதான். ஆனால் வாங்குகிறவர்கள் வேறு வேறு. கிருஷ்ணகிரி கிரானைட் பக்கத்திலேயே கிடைக்கும்போது, புதுவீட்டுச் சமையல் மேடையை நம்பி அக்ரிலிக்கில் முதல் போடாதீர்கள். வேலூரில் சிகிச்சைக்கு வருவோர் தங்கும் லாட்ஜுகள், கிளினிக்குகள், பரிசோதனைக் கூடங்கள், பழைய குளியலறையை இடித்துக் கட்டுவோர் ஆகியோரிடம் போய்க் கேளுங்கள். மேடையும் பேசினும் ஒன்றாக, அழுக்குத் தங்கும் இடுக்கே இல்லாமல் அமைவது அவர்களுக்குத்தான் உண்மையில் உதவும்.

விலை சொல்லுமுன் கணக்குப் போடுங்கள். அக்ரிலிக் ஷீட் பெரும்பாலும் 12 மி.மீ. தடிமன், சுமார் 12 அடிக்கு 2½ அடி. 2 அடி அகல மேடை வெட்டினால் மீதி 6 அங்குலம்; அதில் சுவரோரம் 4 அங்குலப் பட்டியும், முன்விளிம்புக்கு 1½ அங்குலமும் எடுக்கலாம். ஆனால் 10 அடிக்கு 6 அடி 'எல்' மேடைக்கு 2 ஷீட் வேண்டும்; மூலையின் 2 அடி முதல் துண்டிலேயே அடங்குவதால் இரண்டாவது துண்டு 4 அடிதான். ஒன்றில் 2 அடி, மற்றதில் சுமார் 8 அடி மிஞ்சும். மேடையின் நீளத்துக்கு மட்டும் காசு வாங்கும் ரன்னிங் அடிக் கணக்கில் விற்றால் அந்த நஷ்டம் உங்கள் தலையில். மிச்சத்தை 3 அடி பேசின் மேடையாக விற்கத் தெரிந்தால்தான் இதில் லாபம். ஒரே மேடைக்கான ஷீட்டுகள் ஒரே பேட்ச் எண்ணில், அதாவது ஒரே தடவையில் தயாரானவையாக, இருக்கட்டும். இல்லையென்றால் நிறம் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் முன், ரவுட்டர் (விளிம்பு செதுக்கும் மின்கருவி) பிடிக்கத் தெரிந்த ஆசாரி ஒருவரைப் பிடியுங்கள். அக்ரிலிக்கை வெட்டி ஒட்டுவது மர வேலை மாதிரி, கல் வேலை மாதிரி அல்ல. ஆள் இல்லாமல் ஷீட் மட்டும் விற்றால் அடுத்த கேள்வியில் வரும் புகார்தான் உங்களுக்கும் வரும்.

காட்பாடியில் அக்ரிலிக் மேடை போட்டு ஒரு வருடம் ஆகிறது. மேடையில் பதிக்கும் ஹாப் அடுப்புக்கு வெட்டிய மூலையிலிருந்து விரிசல் ஓடுகிறது. பொருள் மட்டமா?

வெட்டைச் சந்தேகப்படுங்கள். கல் வெட்டும் மெஷினால் நான்கு கோடு இழுத்து மூலையைச் சதுரமாக விட்டிருப்பார்கள். அடுப்புச் சூட்டில் ஷீட் விரிந்து, ஆறியதும் சுருங்கும்போது, இழுவிசை முழுவதும் அந்தக் கூர்மூலையில் வந்து சேரும். 10 அடி அக்ரிலிக், 30 டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 3 மி.மீ. நீளும். அதனால் சுவர் ஓரத்திலும் 3 மி.மீ. இடைவெளி விட்டு சிலிக்கான் அடித்திருக்க வேண்டும். சிமெண்ட் வைத்து இறுக்கியிருந்தால் அதுவும் காரணம்.

விரிசலில் பசை தடவினால் மறுபடி திறக்கும். விரிசல் முடியும் இடத்தையும் தாண்டி அந்தத் துண்டையே வெட்டி எடுத்து, அதே பேட்ச் மிச்சத்தில் ஒட்டுத்துண்டு செய்ய வேண்டும். இரு முகத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்து, அதே நிற அக்ரிலிக் பசை வைத்து கிளாம்ப் போடுங்கள். அதிகம் இறுக்கினால் பசை முழுதும் பிதுங்கி இணைப்பு வலுவிழக்கும். பசை இறுகிய பின் 180, 240, 320 எண் சாண்ட்பேப்பரால் வரிசையாகத் தேய்த்தால் கோடு தெரியாது. பிறகு நான்கு மூலையையும் 12 மி.மீ. ஆரத்தில் உருட்டி, மேல் கீழ் விளிம்பை வழவழப்பாக்கி, வெட்டு ஓரத்தில் அலுமினிய டேப் ஒட்டுங்கள். அடுப்பு விளிம்பு ஷீட்டில் முட்டக் கூடாது. வெட்டின் இருபுறமும் அடியில் தாங்கு கட்டை வேண்டும்.

'எல்' மூலையில் இணைப்பு சரியாக மூலையிலேயே விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதை ஓர் அங்குலமாவது தள்ளி வைத்து, உள்மூலையை ஒரே துண்டில் வளைவாக வெட்டுவதே முறை.

ஆம்பூர் லாட்ஜில் வார்ப்பு மார்பிள் பேசின். தண்ணீர் இறங்கும் துளையைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் கீறல்கள்.

அதன் மேல்தோல் ஜெல்கோட் என்னும் பிசின் பூச்சு, அரை மி.மீ. அளவுதான். கெய்சர் கொதிநீர் விழுந்து, உடனே குளிர்நீர் விழுந்தால் அந்தத் தோல் வெடிக்கும். தோல் தடிப்பாகப் போயிருந்தால் இன்னும் சீக்கிரம். துளையில் பொருத்தும் வேஸ்ட் கப்ளிங்கின் நட்டை முறுக்கி இறுக்குவதும் காரணம். கீறலின் மேல் ஓட்டும்போது நகம் தடுக்கவில்லை என்றால் பாலிஷ் காம்பவுண்ட் போதும். தடுக்கினால் கீறல் தோலைத் தாண்டிவிட்டது, பேசினை மாற்றுங்கள். கெய்சரை 50 டிகிரியில் வையுங்கள்.

போர்வெல் உப்புக் கறைக்குக் கழிப்பறை ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். உள்ளே இருப்பது சுண்ணாம்புக்கல் பொடி. கீறல் வழியே ஆசிட் இறங்கினால் பொடியை அரித்துவிடும்.

குடியாத்தத்தில் குவார்ட்ஸ் பலகையை வீட்டுக்குள்ளேயே வெட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். சரியா?

கூடாது. அந்தப் பலகையில் எடைக்கு 90 சதவீதம் அளவுக்குக் குவார்ட்ஸ். உலர்வெட்டில் பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தரும். தங்கிய தூசை எடுக்க மருந்து இல்லை. இதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைப் பலகையையே தடை செய்தது. பட்டறையிலேயே, பிளேடில் தண்ணீர் ஓட, என்95 முகக்கவசமாவது அணிந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டும் தொழிலாளி தினமும் அந்தத் தூசில் நிற்பவர்; கூலியில் நூறு இருநூறு கூடினாலும் கொடுங்கள்.