வினாடி வினாவில் அடிக்கடி வரும் அன்றாட வாழ்க்கைக் கேள்விகளுக்கான விடைகளை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

கேள்வி கேட்டவர் ஒரு வினாடி வினாவில் "எந்த மாதத்தில் 28 நாட்கள் இருக்கின்றன?" என்று கேட்டதற்குப் பிப்ரவரி என்று சொல்லித் தோற்றிருக்கிறார். அன்றாட வாழ்க்கை, வழக்கங்கள், பொழுதுபோக்குகள் பற்றி இப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளின் விடைகளை மனப்பாடம் செய்ய வழி உண்டா என்று கேட்கிறார்.

மனப்பாடம் வேண்டாம். பல ஆண்டுகளாகக் கேள்வி தயாரிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். பட்டியலை உருப்போட்டுவிட்டு வருபவரைத் திணறடிப்பது எங்களுக்கு மிகவும் எளிது. கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

சதுரங்கப் பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். "எத்தனை கட்டங்கள்?" என்றால் 64. "எத்தனை சதுரங்கள்?" என்றால் 204. இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டங்கள் சேர்ந்தாலும் சதுரம்தான், முழுப் பலகையும் ஒரு சதுரம்தான். ஓரத்தில் ஒரு கட்டம் கொண்டவை 64, இரண்டு கட்டம் கொண்டவை 49, மூன்று கொண்டவை 36 என்று குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒன்றில் முடியும். எல்லாவற்றையும் கூட்டினால் 204. எண்ணை மட்டும் உருப்போட்டவர் "சதுரம்" என்ற சொல்லைக் காதில் வாங்கும் முன்பே மணியை அடித்து 64 என்பார். நாங்கள் காத்திருப்பது அதற்காகத்தான்.

ஆனால் நானே ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். சிறுவர்களுக்கான போட்டி. "ரூபிக் கியூபில் எத்தனை சிறு கனசதுரங்கள் இருக்கின்றன?" என்று கேட்டேன். என் கையில் இருந்த அட்டையில் 27 என்று எழுதியிருந்தது. மூன்றை மூன்றால் பெருக்கி மறுபடியும் மூன்றால் பெருக்கினால் அதுதானே வரும். இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு சிறுமி 26 என்றாள். தவறு என்றேன். அவள் வாதாடவில்லை. பையிலிருந்து தன் கியூபை எடுத்தாள், மேல் அடுக்கைப் பாதித் திருப்பலில் நிறுத்தினாள், ஓரத்துக் கட்டையின் அடியில் கட்டைவிரலைக் கொடுத்து நெம்பினாள். "டக்" என்று கட்டை தெறித்து மேசையில் உருண்டது. அடுத்தடுத்த கட்டைகள் தாமாகவே கழன்றன. கடைசியில் அவள் கையில் மிஞ்சியது ஆறு கைகள் நீட்டிய ஓர் அச்சு. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு நடுக்கட்டை. உள்ளே கனசதுரம் எதுவும் இல்லை. மூலைக்கட்டை 8, ஓரக்கட்டை 12, நடுக்கட்டை 6, ஆக மொத்தம் 26. அவளுக்கு மதிப்பெண் கொடுத்தேன். பிரித்ததை மறுபடியும் மாட்டித் தர என்னால் முடியவில்லை; அதையும் அவளே செய்துகொண்டாள்.

அன்று முதல் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய எந்தப் பொருளைப் பற்றியும் அதைப் பார்க்காமல் நான் கேள்வி எழுதுவதில்லை. உங்களுக்கும் இதையே சொல்வேன். ஒரு சீட்டுக்கட்டை மேசையில் பரப்பி அரைமணி நேரம் உட்காருங்கள். வழக்கமான ஆங்கிலப் பாணிக் கட்டில் ஒற்றைக் கண் தெரியும்படி பக்கவாட்டில் திரும்பியிருப்பவர்கள் மூவர்: இஸ்பேடு ஜாக்கி, ஹார்ட்டின் ஜாக்கி, டைமண்ட் ராஜா. நான்கு ராஜாக்களில் மீசை இல்லாதவர் ஹார்ட்டின் ராஜா மட்டுமே. தன் தலைக்குள் தானே வாளைச் செருகிக்கொள்வதுபோல் நிற்பவரும் அவர்தான். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் இது மறக்காது. பகடையும் அப்படித்தான். எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7 என்பதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டால், மொத்தப் புள்ளிகள் எத்தனை என்ற அடுத்த கேள்விக்கும் விடை தயார்: மூன்று ஏழு, 21.

சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள் இருப்பது ஆண்டின் 52 வாரங்களுக்காக என்று ஒரு கதை சுற்றுகிறது. நான்கு சின்னங்கள் நான்கு பருவங்களாம். ஜாக்கிக்கு 11, ராணிக்கு 12, ராஜாவுக்கு 13 என்று வைத்து எல்லாவற்றையும் கூட்டினால் 364, ஒரு ஜோக்கரையும் சேர்த்தால் 365 நாட்கள். கணக்கு சரிதான். ஆனால் 32, 36, 40, 48 சீட்டுகள் கொண்ட கட்டுகளும் ஐரோப்பாவில் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தக் கிரகத்துக் காலண்டரை வைப்பது? இந்தக் கதையை யாராவது கேள்வியாக்கினால் 52 என்று சொல்லி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், நம்பத் தேவையில்லை.

வழக்கங்கள் பற்றிய கேள்விகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். திருமண மோதிரத்தை இடது கையின் மோதிர விரலில் அணிவது ஏன்? அந்த விரலிலிருந்து ஒரு நரம்பு நேராக இதயத்துக்குப் போகிறது என்று பண்டைக் காலத்தில் நம்பினார்கள் என்பது விடை. "போகிறது" என்று சொன்னால் உடற்கூறு தெரிந்த யாரும் சிரிப்பார்கள். எல்லா விரல்களுக்கும் ஒரே ஏற்பாடுதான். "நம்பினார்கள்" என்ற ஒரு சொல்லில் விடை நிற்கிறது. கைகுலுக்குவது கையில் ஆயுதம் இல்லை என்று காட்டத்தான் என்பதும் இந்த ரகம். பண்டைக் கிரேக்கச் சிற்பங்களிலேயே கைகுலுக்கும் உருவங்கள் இருக்கின்றன, ஆனால் காரணத்தை எவரும் கல்லில் எழுதி வைக்கவில்லை. நான் இதைக் கேட்பதில்லை.

காரணம் தெளிவாகக் கிடைக்கிற கேள்விகளே எனக்குப் பிடித்தவை. கடிகார முள் ஏன் அந்தத் திசையில் சுற்றுகிறது? இயந்திரக் கடிகாரம் உருவெடுத்த ஐரோப்பாவில், அதற்கு முன்பே இருந்த சூரியக் கடிகாரத்தின் நிழல் மேற்கிலிருந்து வடக்கு வழியாகக் கிழக்கே நகரும். அந்தப் போக்கை முள்ளுக்கும் கொடுத்தார்கள். பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே இருப்பவர்கள் முந்திக்கொண்டிருந்தால் நம் முள் எதிர்த்திசையில் ஓடியிருக்கும்.

அடுத்தது தபால்தலை. முதல் தபால்தலை 1840இல் பிரிட்டன் வெளியிட்ட பென்னி பிளாக் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து கிளைக்கும் கேள்விகளைப் பாருங்கள். தபால்தலையில் நாட்டின் பெயரை அச்சிடாத நாடு எது? பிரிட்டன்தான். அப்போது வேறு எந்த நாட்டிடமும் தபால்தலை இல்லை, பெயர் போட்டுப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவையும் இல்லை. விக்டோரியா ராணியின் தலை போதுமானதாக இருந்தது. அந்த வழக்கமே நிலைத்துவிட்டது. மறு ஆண்டே கறுப்பு ஏன் சிவப்பானது? கறுப்பின்மேல் குத்திய சிவப்பு முத்திரை சரியாகத் தெரியவில்லை, அழிக்கவும் முடிந்தது. ஒரே தலையை மீண்டும் பயன்படுத்திவிடலாம். அதனால் தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். பென்னி பிளாக்தான் உலகிலேயே அரிதான தபால்தலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அச்சானவை 6.8 கோடிக்கு மேல். ஓரத்தில் பல் இருக்காது, கத்தரியால் வெட்டித்தான் பிரிக்க வேண்டும்.

பென்சிலில் ஈயம் இல்லை, கிராஃபைட்டும் களிமண்ணும்தான் என்பது இப்போது மிகவும் பழகிவிட்டது. ரப்பர் வருவதற்கு முன் பென்சில் எழுத்தை எதைக் கொண்டு அழித்தார்கள் என்று கேளுங்கள், அரங்கம் விழிக்கும். ரொட்டித் துண்டு.

சுடோக்கு எந்த நாட்டில் தோன்றியது என்பதற்குப் பத்தில் ஒன்பது பேர் ஜப்பான் என்பார்கள். பெயர் மட்டும்தான் ஜப்பானியம். இன்றைய வடிவத்தை உருவாக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1979இல் வேறு பெயரில் ஓர் அமெரிக்கப் புதிர் இதழில் வெளியானது.

விடைகளுக்கு வயதாவதையும் கவனியுங்கள். கால்பந்தில் 32 துண்டுகள், 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம் என்பது 1970 உலகக் கோப்பைப் பந்தின் கணக்கு. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பந்து தெளிவாகத் தெரியவே அந்த நிறங்கள். 2014 உலகக் கோப்பைப் பந்தில் இருந்தவை ஆறே துண்டுகள். எந்தப் பந்து என்று சொல்லாமல் கேட்கும் நடுவரிடம் நீங்கள் எதிர்க்கேள்வி கேட்கலாம், தப்பில்லை.

இனி உங்கள் 28 நாட்கள். பன்னிரண்டு மாதங்களிலும் 28 நாட்கள் இருக்கின்றன என்பதுதான் அவர்கள் எதிர்பார்த்த விடை. அரதப்பழசான கேள்வி, நான் தொடுவதே இல்லை. அடுத்த முறை "28 நாட்கள் மட்டும்" என்று வந்தால் தைரியமாகப் பிப்ரவரி என்று சொல்லுங்கள். அதன் பின்னாலேயே லீப் ஆண்டுக் கேள்வி வரக்கூடும்: நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000க்கு 29 நாள் பிப்ரவரி இருந்தது, 1900க்கு இல்லை, 2100க்கும் இருக்காது.