பேர் காணோம், வயசு 111 கோடி: யூனியன்ல என்னதான் நடக்குது?

ஒரு ஸ்டூடண்ட் கேட்டிருக்காரு: "சார், சி லாங்குவேஜ்ல பேருக்கு 20 எழுத்து கேரக்டர் அர்ரே, வயசுக்கு இன்ட் (முழு எண்), மார்க்குக்கு ஃப்ளோட் (தசம எண்)னு ஒரு ஸ்ட்ரக்ட் வச்சிருந்தேன். மெமரி மிச்சமாகும்னு யாரோ சொன்னாங்கன்னு அதையே யூனியனா மாத்திட்டேன். குமார், 20, 78.5னு வரிசையா போட்டுட்டு கடைசில பிரிண்ட் பண்ணா பேர் காலியா வருது, வயசு 1117585408, மார்க் மட்டும் கரெக்ட். கம்பைலர்ல ஏதாச்சும் பிரச்சனையா?"

கம்பைலர் பாவம் தம்பி, அதை விட்டுருங்க. ஸ்ட்ரக்ட்ல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி இடம், ஆனா யூனியன்ல பேர், வயசு, மார்க் மூணுக்கும் ஒரே அட்ரஸ், எல்லாமே அதே முதல் பைட்ல இருந்துதான் ஆரம்பிக்கும். பழைய கேசட்ல ஒரு பாட்டு மேல இன்னொன்ன ரெக்கார்ட் பண்ணுவோமே, அதே கதைதான்.

உங்க கேஸையே பாப்போம். முதல்ல குமார்னு இங்கிலீஷ்ல அஞ்சு எழுத்து உக்காருது, அப்புறம் வயசு 20 வந்து முதல் நாலு பைட்ட 20, 0, 0, 0ன்னு ஆக்கிடுது, அதுக்கு மேல 78.5 வந்து அதே நாலு பைட்ட 0, 0, 157, 66ன்னு மாத்திடுது (நம்ம இன்டெல், ஏஎம்டி மிஷின்ல எண்ணோட மதிப்பு குறைஞ்ச கடைசி பைட்தான் முன்னாடி வரும்). இப்ப பேர பிரிண்ட் பண்ணா முதல் பைட்டே 0, ஸ்ட்ரிங் அங்கயே முடிஞ்சிருச்சு, அதான் காலி. அந்த நாலு பைட்ட இன்ட்டா படிச்சா 1117585408. குமாரோட கடைசி எழுத்து மட்டும் அஞ்சாவது பைட்ல இன்னும் அநாதையா கிடக்கும் பாருங்க!

சரி, மிச்சம் எவ்ளோ? ஸ்ட்ரக்ட்டா இருந்தப்ப 28 பைட், யூனியன்ல 20. எட்டு பைட்டுக்காக பேரையும் வயசையும் தொலைச்சிருக்கீங்க. மூணும் ஒரே நேரத்துல வேணும்னா ஸ்ட்ரக்ட்தான், வேற பேச்சே இல்ல.

ஒரு நேரத்துல ஏதாச்சும் ஒண்ணுதான் இருக்கும்னா யூனியன் வைங்க, ஆனா உள்ள இப்ப யார் இருக்காங்கன்னு அது தானா சொல்லாது. அதனால வெளிய ஒரு ஸ்ட்ரக்ட் போட்டு, கூடவே இப்ப உள்ள எது இருக்குன்னு குறிச்சு வைக்க ஒரு enum (பேர் வச்ச எண்களோட பட்டியல்) வச்சு, ஒவ்வொரு தடவ மதிப்பு போடும்போதும் அதையும் மாத்திடுங்க, படிக்கும்போது அத பாத்துட்டு ஸ்விட்ச் போட்டு படிங்க. லினக்ஸ்ல ஈபோல் (epoll, நிறைய ஃபைல், கனெக்‌ஷன்ல எது ரெடின்னு சொல்ற வசதி) யூஸ் பண்ணா அதோட டேட்டா ஃபீல்டும் யூனியன்தான், ஃபைல் டிஸ்கிரிப்டரையும் (திறந்த ஃபைலோட நம்பர்) பாயிண்டரையும் (மெமரி அட்ரஸ்) ரெண்டையுமே அதுல போட்டுட்டு ஒரு ராத்திரி ஃபுல்லா நான் முழிச்சிருக்கேன்.