மணியடித்து மைதானத்துக்கு வரச் சொல்லாதீர்கள்

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. போன வாரம் மூன்றாவது பாடவேளையில், பள்ளிக்குப் பின்னால் உள்ள அரசமரத்துத் தேன்கூட்டைப் பருந்து ஒன்று கலைத்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 11 பேருக்குக் கொட்டு. பதற்றத்தில் மணியடித்து எல்லாரையும் மைதானத்துக்கு வரவழைத்தேன். அதற்குப் பிறகுதான் இன்னும் பலரைக் கொட்டியது. சுண்ணாம்பு தடவினோம். இரவில் பந்தம் கொளுத்திக் கூட்டை எரித்துவிடலாம் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். எரிப்பதற்குப் பிறகு வருகிறேன், முதலில் அந்த மணி.

ஆபத்து என்றால் வெளியே ஓடி வரிசையில் நில் என்றுதான் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். தீக்கு அது சரி. தேனீக்கு நேர்மாறு: உள்ளே போ, கதவைச் சாத்து. நீங்கள் செய்தது பழக்கத்தில் வந்த தவறு, அதை நினைத்து நொந்துகொள்ள வேண்டாம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மலைத்தேனீ. உயரமான கிளையிலோ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ ஒற்றை அடையாக, சில சமயம் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தொங்கும். இந்தத் தேனீ கொட்டியதும் கொடுக்கு நஞ்சுப்பையோடு பிய்ந்து நம் தோலிலேயே நின்றுவிடும். அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். கனிந்த வாழைப்பழ வாசனைதான், நானே பலமுறை என் சட்டையில் முகர்ந்திருக்கிறேன். மற்ற தேனீக்களுக்கு அது 'இங்கே கொட்டு' என்ற அழைப்பு. அதனால்தான் ஒரு கொட்டு வாங்கிய பிள்ளையையே திரும்பத் திரும்பத் தேடி வருகின்றன. கையை வீசி அடித்தால் இன்னும் மோசம். முகத்தைப் பையாலோ துப்பட்டாவாலோ மூடிக்கொண்டு பக்கத்து அறைக்குள் ஓடச் சொல்லுங்கள். கூடவே நான்கைந்து தேனீ உள்ளே வந்தால் வரட்டும். விளக்கை அணைத்தால் வெளிச்சம் பார்த்து ஜன்னலுக்குப் போய்விடும். தொட்டித் தண்ணீரில் முங்குவது வீண், தலை தூக்கும்வரை மேலேயே சுற்றும்.

கொடுக்கை உடனே எடுக்க வேண்டும். நகத்தால் சுரண்டினாலும் சரி, பிடுங்கினாலும் சரி, வேகம்தான் முக்கியம். ஒரு நிமிடத்துக்குள் நஞ்சு இறங்கிவிடும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி ஐஸ் வையுங்கள். சுண்ணாம்பால் பலன் இல்லை, கண்ணோரம் பட்டால் அது தனிக் கேடு.

உதடு வீக்கம், மூச்சிரைப்பு, உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி, தலைச்சுற்றல் இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஒரே ஒரு கொட்டுகூடச் சிலருக்கு அப்படிச் செய்யும். நிறையக் கொட்டு வாங்கிய பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். அடுத்த சில நாட்களில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். கொட்டு வாங்கிய எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

இப்போது கூடு. மலைத்தேனீ இரவிலும் பறக்கும், வெளிச்சத்தை நோக்கி வரும். பந்தம் பிடிப்பவர்தான் முதலில் மாட்டுவார். தப்பித்தவை அதே கிளைக்குத் திரும்பவும் கூடும். தலைமையாசிரியர் மூலமாகத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு எழுதிக் கொடுங்கள், அல்லது கைதேர்ந்த தேனெடுப்பவரை அழையுங்கள். பூக்காலம் முடிந்தால் இவை தாமாகவே இடம் பெயர்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் அதே மரத்துக்கு அடுத்த பருவமும் வரும் வழக்கம் இவற்றுக்கு இருப்பதால், காலி அடையைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் விளையாட்டும் வேண்டாம், குப்பை எரிப்பதும் வேண்டாம்.

ஒரு சின்ன ஏற்பாடு: நீள மணி என்றால் வெளியே, விட்டுவிட்டு அடித்தால் உள்ளே. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி இரண்டு தடவை ஓடவிட்டுப் பாருங்கள். எந்த வகுப்பின் கதவு சாத்த வரவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.