காபி மேக்கரில் வெள்ளைப் படிவும் வழுவழுப்பும்: எதற்குக் கவலைப்பட வேண்டும்?

கேள்வி: எங்கள் வீட்டில் டிரிப் வகைக் காபி மேக்கரைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். கண்ணாடிக் குடுவையை மட்டும் தினமும் கழுவுவோம். அண்மையில் தண்ணீர்த் தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தபோது ஓரங்களில் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவும், அடியில் வழுவழுப்பும் இருப்பது தெரிந்தது. சில மாதங்களாகக் காபி குடித்தவுடன் எனக்கு நெஞ்செரிச்சல் வருகிறது; இதற்கு அந்த அழுக்குதான் காரணமோ என்று பயமாக இருக்கிறது. எங்களுடன் இருக்கும் என் மாமியார் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரும் இதே காபியைத்தான் குடிக்கிறார். "கொதிக்கிற தண்ணீரில் கிருமி எப்படி இருக்கும்? சந்தேகமாக இருந்தால் வினிகரோடு கொஞ்சம் பிளீச்சும் ஊற்றி ஓடவிடலாம்" என்கிறார் என் கணவர். வெள்ளைப் படிவால் சிறுநீரகத்தில் கல் வருமா? இயந்திரத்தை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும்?

மருத்துவர் பதில்: பிளீச்சிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் உள்ளவற்றுள் உடனடி ஆபத்து உள்ளது அதில் மட்டும்தான். வீட்டில் பயன்படுத்தும் பிளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கிறது. அதனுடன் வினிகரோ எலுமிச்சைச் சாறோ வேறு எந்த அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். கதவு மூடிய சிறிய சமையலறையில் அந்த வாயுவைச் சுவாசித்தால் கண் எரிச்சலும் கடுமையான இருமலும் மூச்சுத்திணறலும் ஏற்படும். அளவு அதிகமானால் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளவும் கூடும். தவறிக் கலந்துவிட்டால் அதைக் கொட்டிக் கழுவிக்கொண்டு நிற்காமல் எல்லோரும் உடனே அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். இருமலோ மூச்சிரைப்போ தொடர்ந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிளீச்சைத் தனியாக ஊற்றுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இயந்திரத்தின் உள்குழாயை நம்மால் திறந்து பார்க்க முடியாது. அதில் தங்கிய பிளீச் முழுவதும் வெளியேறிவிட்டதா என்று உறுதிசெய்யவும் வழியில்லை. உலோகப் பாகங்களையும் அது அரித்துவிடும்.

வெள்ளைப் படிவு உங்கள் தண்ணீரிலிருந்தே வந்தது. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபடும்போது சிதைந்து, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் காண்பதும் இதே பொருள்தான். இதை விழுங்கினால் நஞ்சில்லை. இதனால் சிறுநீரகக் கல் வருமா என்ற அச்சமும் தேவையில்லை. பெரும்பாலான சிறுநீரகக் கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை என்பது உண்மையே. ஆனால் உணவின் வழியாக வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டுடன் சேர்ந்து கழிவாக வெளியேறிவிடுவதால், அளவான கால்சியம் கல் உருவாவதைக் குறைக்கவே செய்கிறது. கல் உருவாவதற்குப் பொதுவான காரணம் போதிய தண்ணீர் குடிக்காமையே.

அப்படியானால் படிவை விட்டுவிடலாமா என்றால், கூடாது. சூடாக்கும் குழாயின் உட்புறத்தில் அது ஓடுபோலப் பிடித்துக்கொள்வதால் வெப்பம் நீருக்குச் சரியாகச் சேர்வதில்லை. காபித் தூளின் மேல் விழும் நீர் ஏறத்தாழ 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். படிவு தடித்த இயந்திரம் அந்த அளவை எட்டாமல், முனகிக்கொண்டும் ஆவியைக் கக்கிக்கொண்டும் நெடுநேரம் ஓடும். சொரசொரப்பான படிவின் இடுக்குகளில் கிருமிகளும் எளிதாக ஒட்டிக்கொள்கின்றன.

மருத்துவர் என்ற முறையில் நான் அதிகம் கவனிப்பது, உங்கள் விரலில் பட்ட அந்த வழுவழுப்பைத்தான். பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும் தாம் சுரக்கும் பசைப்பொருளுக்குள் கூட்டமாக ஒட்டி வாழும் படலம் அது. உங்கள் கணவரின் கேள்வி நியாயமானதே. ஆனால் இந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். தொட்டியில் ஊற்றும் நீர் தொட்டியில் கொதிப்பதே இல்லை. அது ஒருவழி வால்வு வழியாகக் கீழே இறங்கி, சூடேற்றியை ஒட்டிய ஒரு குறுகிய குழாயில் மட்டும் சூடாகிறது. அங்கே உண்டாகும் ஆவிக் குமிழ்கள் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளி, காபித் தூளின் மேல் விழச் செய்கின்றன. தொட்டியின் சுவருக்கும் அடிப்பகுதிக்கும் கொதிநிலை வெப்பம் போய்ச் சேர்வதில்லை. காபி இறங்கி முடிந்த பின் அடியில் மிஞ்சும் சிறிதளவு நீர், மூடி போட்ட இருட்டில், இயந்திரத்தின் மிச்சச் சூட்டில் வெதுவெதுப்பாக மறுநாள் வரை கிடக்கிறது. கிருமி வளர்வதற்கு இதைவிட வசதியான இடம் தேவையில்லை. சூடான குழாயைக் கடக்கும்போது பெரும்பாலான கிருமிகள் அழிந்துவிடுகின்றன என்பது சரிதான்; ஆனால் சில பாக்டீரியாக்களின் வித்துகள் அந்த வெப்பத்தையும் தாங்கக்கூடியவை. குழாயைக் கடந்த பின் நீர் சேரும் இடமான ஃபில்டர் கூடையில், முந்தைய நாள் காபிச் சக்கை ஈரத்தோடு கிடந்திருந்தால் அங்கே பூஞ்சை பிடித்திருக்கவும் கூடும்.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவைச் சேர்ந்த என்.எஸ்.எஃப். இண்டர்நேஷனல் என்ற அமைப்பு 2011-இல் 22 வீடுகளில் பல்வேறு பொருள்களைச் சோதித்தபோது, காபி மேக்கர்களின் தண்ணீர்த் தொட்டிகளில் ஏறத்தாழ பாதியில் ஈஸ்ட்டும் பூஞ்சையும் காணப்பட்டன. 22 வீடுகள் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அதை வைத்து உலகத்துக் காபி மேக்கர்களையெல்லாம் குற்றம் சொல்ல முடியாது. ஆயினும் ஈரமும் இருட்டும் வெதுவெதுப்பும் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அது போதுமான சான்று. ஸ்பெயினின் வலென்சியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-இல் கேப்ஸ்யூல் வகைக் காபி இயந்திரங்களை ஆராய்ந்து, என்ட்ரோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அவற்றில் பெருகியிருப்பதைக் கண்டறிந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துப் பலர் பீதியடைந்தார்கள்; ஆனால் அவர்கள் சோதித்தது கழிவு நீர் சொட்டும் தட்டை, கோப்பையில் விழும் காபியை அன்று.

நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கு இத்தகைய படலத்தால் நோய் வருவது அரிது. வயிற்று அமிலமும் நோய் எதிர்ப்புச் சக்தியும் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடும். பூஞ்சை ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்கு மட்டும், பூஞ்சை பிடித்த கூடையைத் திறக்கும்போது தும்மலும் மூச்சிரைப்பும் வரக்கூடும்.

உங்கள் மாமியாரின் நிலை வேறு. கீமோதெரபிக்குப் பின் வெள்ளணுக்கள் குறையும். பல மருந்துகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் பின் ஏறக்குறைய 7 முதல் 14 நாள்களுக்குள் அவை மிகவும் தாழ்ந்த அளவுக்குச் செல்லும். மற்றவர்களை ஒன்றும் செய்யாத சூடோமோனாஸ் போன்ற கிருமிகூட அந்த நாள்களில் அவருக்குத் தீவிரமான தொற்றை உண்டாக்கலாம். எனவே சிகிச்சை முடியும் வரை அவருக்கு இந்த இயந்திரத்தின் காபி வேண்டாம். நன்றாகக் கொதிக்கவைத்த நீரை, சுத்தமான வடிகூம்பில் புதிய காகித ஃபில்டரை வைத்து, காபித் தூளின் மேல் கையாலேயே ஊற்றி அவ்வப்போது தயாரித்துக் கொடுங்கள். ஆறிய காபியைப் பிற்பாடு சூடாக்கிக் கொடுக்காதீர்கள். வாய்ப்புண்ணோ வயிற்றுப்போக்கோ இருந்தால் காபியே ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால், காரணம் எதுவென்று வீட்டில் யோசித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனிச் சுத்தம் செய்யும் முறை. எல்லோரும் வினிகரைப் பற்றியே கேட்கிறார்கள். என் கணிப்பில் அதைவிட முக்கியமானது தினசரி உலர்த்துவதுதான். காபி இறங்கி இயந்திரம் ஆறியதும் சக்கையை அகற்றிவிட்டு, கூடை, குடுவை, குடுவையின் மூடி ஆகிய மூன்றையும் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவுங்கள். கூடையின் அடியில், குடுவையை எடுத்ததும் சொட்டுவதை நிறுத்துகிற ஒரு சிறிய ஸ்பிரிங் வால்வு இருக்கும். அதை விரலால் மேலே அழுத்திப் பார்த்தால் சுற்றிலும் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான வளையம் ஒன்று ஒட்டியிருப்பது தெரியும். காபியின் எண்ணெய் படிந்து சிக்குப் பிடித்த வாடை வருவது அங்கிருந்தும், குடுவை மூடியின் இடுக்கிலிருந்தும்தான். காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சோப்பு நீரில் தோய்த்துத் துடைத்தால் வந்துவிடும். தொட்டியில் மிஞ்சிய நீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அதன் மூடியைத் திறந்தே வைத்திருங்கள். மறுநாளுக்கு வேண்டிய தண்ணீரை முந்தைய இரவே ஊற்றி வைக்கும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

இப்போது படிந்திருக்கும் வழுவழுப்பு அமிலத்தால் மட்டும் போகாது, தேய்த்தால்தான் போகும். மின் இணைப்பைத் துண்டித்த பின், தொட்டி கழற்றக்கூடியதாக இருந்தால் வெளியே எடுத்துச் சோப்புப் போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். கழற்ற முடியாதது என்றால் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உட்புறத்தைத் துடைத்து, நல்ல நீரில் நனைத்த துணியால் பலமுறை துடைத்தெடுங்கள். சோப்பு நீரை இயந்திரத்தில் ஊற்றி ஓடவிட வேண்டாம். நுரை எளிதில் போகாது. இயந்திரத்தின் அடிப்பாகத்தை ஒருபோதும் நீரில் அமிழ்த்தக் கூடாது.

அதன் பிறகு படிவை நீக்கலாம். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து தொட்டியை நிரப்பி, கூடையில் தூள் இல்லாமல் இயந்திரத்தை ஓடவிடுங்கள். பாதி இறங்கியதும் நிறுத்திவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அப்படியே விடுங்கள். அமிலம் உள்குழாயில் நின்று படிவைக் கரைப்பது அந்த இடைவெளியில்தான் என்பதால் அதைச் சுருக்க வேண்டாம். மீதியையும் ஓடவிட்ட பின், வெறும் தண்ணீரை இரண்டு அல்லது மூன்று முழுத் தொட்டி அளவுக்கு ஓடவிட்டு, புளிப்பு வாடை அடியோடு போன பிறகே காபி போடுங்கள். வினிகர் ஆவி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், மாமியாரும் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும். வாடை பிடிக்காதவர்கள் ஒரு லிட்டர் நீருக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்தும் பயன்படுத்தலாம். சில நிறுவனங்கள் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும் என்பதால் வினிகர் கூடாது என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். அப்படியிருந்தால் அவர்கள் சொல்லும் கரைசலையே பயன்படுத்துங்கள்.

படிவை நீக்கிய பின் நல்ல நீரை ஓடவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது வாடைக்காக மட்டும் அன்று. ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2013-இல், அழுத்தத்தில் இயங்கும் சில எஸ்பிரெசோ இயந்திரங்களிலிருந்து, குறிப்பாகப் படிவு நீக்கிய உடனே, ஈயம் அதிக அளவில் கசிவதைக் கண்டறிந்தது. உங்களுடையது அந்த வகை இயந்திரம் இல்லையென்றாலும், அமிலம் பட்ட உலோகத்தை நன்றாக அலசிய பிறகே பயன்படுத்துவது எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும்.

கடின நீர் என்றால் மாதம் ஒருமுறையும், மென்னீர் என்றால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் படிவை நீக்கினால் போதும். இவ்வளவும் செய்த பிறகும் பூஞ்சை வாடை வந்துகொண்டிருந்தால் அது கை எட்டாத உள்குழாயிலிருந்து வருகிறது என்று பொருள். அந்த இயந்திரத்தை மாற்றிவிடுவதே நல்லது.

உங்கள் நெஞ்செரிச்சலுக்கு இயந்திரத்தின் அழுக்கு காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காபியே காரணமாக இருக்கலாம். காபி சிலருக்கு இரைப்பையின் அமிலச் சுரப்பைத் தூண்டி, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ள தசை வளையத்தையும் தளர்த்திவிடுகிறது. கஃபீன் நீக்கிய காபிக்கும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. இரண்டு வாரம் காபியை முழுவதும் நிறுத்திப் பாருங்கள். எரிச்சல் நின்றுவிட்டால், சுத்தம் செய்த இயந்திரத்தில் புதிதாக இறக்கிய காபியை, வெறும் வயிற்றில் அல்லாமல் காலை உணவுக்குப் பின் ஒரு சிறிய கோப்பை மட்டும் குடித்துப் பாருங்கள்; சூடு தட்டின் மேல் நெடுநேரம் இருந்த காபி வேண்டாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணிப்பு. ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதில் கால் பங்குகூட அதிகமாக இருக்கலாம். உங்கள் வீட்டில் கொழுப்புச் சத்து அதிகம் உள்ளவர் யாராவது இருந்தால், உலோக வலையைவிடக் காகித ஃபில்டர் நல்லது. கெட்ட கொழுப்பைக் கூட்டும் கஃபெஸ்டால் என்ற பொருளைக் காகிதம் பெருமளவு தடுத்துவிடுகிறது.

காபியை நிறுத்தியும் எரிச்சல் நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு, தார் போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவற்றுள் எது இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், எண்டோஸ்கோபி தேவைப்படலாம். நடக்கும்போதோ படி ஏறும்போதோ வந்து, ஓய்வெடுத்தால் அடங்குகிற எரிச்சல், அல்லது தாடைக்கும் இடக்கைக்கும் பரவுகிற எரிச்சல், வயிற்றுக் கோளாறாக இல்லாமல் இதய நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் தாமதிக்காமல் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். ஓய்விலும் அது அடங்கவில்லை என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்லுங்கள்.