எதை எடுக்கச் சொல்கிறார்கள்?

கேள்வி: டீச்சருங்க, வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர் அனுப்புகிற மெயில்களில் ‘பிக் அப்’ வராத நாளே இல்லை. ஒரு தடவை ‘வீ வில் பிக் திஸ் அப் ஆன் மண்டே’ என்று எழுதியிருந்தார்கள். சரக்கு எடுக்க வண்டி வருகிறது என்று நினைத்து அட்டைப்பெட்டிகளை கேட் ஓரம் அடுக்கிவிட்டோம். வண்டி வரவே இல்லை. இப்போது ‘கேன் யூ பிக் அப் தி ஏர் ஃப்ரைட்?’ என்று கேட்டார்கள். பெட்டிகளை ஏர்போர்ட்டில் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து ‘யெஸ்’ போட்டுவிட்டேன். ஆபீஸில் ஒரே சத்தம். அகராதியைத் திறந்தால் அர்த்தம் பத்தி பத்தியாக இருக்கிறது. எது எங்கே பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், அனுப்பர்பாளையம்)

பதில்: தம்பி, இலக்கணம் அப்புறம். முதலில் அந்த ‘யெஸ்’ஸைப் பார்ப்போம். ஃப்ரைட் என்றால் சரக்கு என்றும் பொருள் உண்டு, சரக்குக் கூலி என்றும் பொருள் உண்டு. கப்பலில் போக வேண்டிய ஆர்டர் தாமதமாகி விமானத்தில் ஏறும்போது, பையர் கேட்பது கூலியைத்தான். ‘அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?’ என்பதுதான் கேள்வி. பில், காஸ்ட், ஃப்ரைட் மாதிரி பணம் சம்பந்தப்பட்ட சொல்லோடு பிக் அப் சேர்ந்தால், அந்தச் செலவை ஏற்றுக்கொள்வது என்று பொருள். இன்றைக்கே முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவர் சம்மதத்தோடு ஒரு மெயில் அனுப்புங்கள்: ‘மை யெஸ் மென்ட் டெலிவரிங் தி கார்ட்டன்ஸ் டு தி ஏர்போர்ட். வீ ஹேவ் நாட் அக்ரீட் டு பே தி ஏர் ஃப்ரைட்.’ இதில் பிக் அப் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? காரணம் பிறகு சொல்கிறேன்.

திங்கட்கிழமை மெயிலில் ‘திஸ்’ என்றது பேசிக்கொண்டிருந்த விஷயத்தை. பாதியில் நிற்கிற பேச்சைத் திங்களன்று தொடரலாம் என்றிருக்கிறார்கள். அதற்கு நேரான ஒற்றைச் சொல் ரெஸ்யூம்.

அகராதியில் இருக்கிற அத்தனை அர்த்தத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். நம் ‘எடு’வை யார் மனப்பாடம் பண்ணினார்கள்? போன் எடுக்கிறோம், படம் எடுக்கிறோம், பாடம் எடுக்கிறோம். பசி தானாக எடுக்கிறது. ‘அந்த வீட்டில்தான் பொண்ணு எடுத்திருக்கோம்’ என்கிறோம். எதை எடுக்கிறோம் என்பது தெரிந்தால் அர்த்தம் தானே வந்துவிடுகிறது. பிக் அப்பும் அப்படித்தான். கூட வருகிற பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள்.

கார்ட்டன், அதாவது அட்டைப்பெட்டி, வந்தால், வந்து எடுத்துப்போவது, அதாவது கலெக்ட். ஆள் வந்தால், போய் அழைத்து வருவது. (போலீஸ் ஓர் ஆளை பிக் அப் பண்ணினால் பிடித்துப்போனார்கள் என்று அர்த்தம்.) போன் என்றால் ஆன்சர். சளி, காய்ச்சல் என்றால் தொற்றிக்கொண்டது. ‘க்யூசி (தரம் பார்ப்பவர்கள்) பிக்ட் அப் எ ஷேட் வேரியேஷன்’ என்று வந்தால் யாரும் துணியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நிற வேறுபாடு கண்ணில் பட்டுவிட்டது, டிடெக்ட்.

மொழியோ பழக்கமோ வந்தால், தானாகக் கற்றுக்கொள்வது. இதற்கு உங்கள் ஊரைவிட நல்ல உதாரணம் கிடையாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள், டீக்கடையில் நின்று ‘ஏனுங்ணா, ரெண்டு டீ போடுங்’ என்று கேட்பதைக் காதாரக் கேட்டிருக்கிறேன். பலகையும் இல்லை, வாத்தியாரும் இல்லை. கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்றே பிடித்த தமிழ். தே பிக்ட் அப் டமில். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது, அதற்கு லேர்ன்தான்.

வாங்குவதற்கும் பிக் அப் வரும். ‘தீபாவளிக்குத் துணி எடுக்க ஈரோடு போறோம்’ என்று நாம் சொல்வதற்குக் கிட்டத்தட்ட இது நேர். ஆனால் முழுக்க நேர் இல்லை. ஆங்கிலத்தில் இது போகிற வழியில், மெனக்கெடாமல், பெரும்பாலும் மலிவாக வாங்குவது. கல்யாண முகூர்த்தப் புடவையைக் குடும்பமே உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்து எடுத்துவிட்டு ‘பிக்ட் அப்’ என்று எழுதினால், வழியில் ஏதோ வாங்கிப்போட்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு பாட் (வாங்கினோம்) அல்லது சோஸ் (தேர்ந்தெடுத்தோம்) தான் சரி.

சரி, எடுக்கப்படும் பொருளே வாக்கியத்தில் இல்லை என்றால்? அப்போது பெரும்பாலும் ஏதோ ஒன்று கூடுகிறது அல்லது தேறுகிறது என்று கொள்ளுங்கள். (போன் அடிக்கும்போது ‘பிக் அப்!’ என்றால் போனை எடு என்பது வேறு கதை.) ‘சேல்ஸ் ஹேவ் பிக்ட் அப்’, விற்பனை சூடுபிடித்திருக்கிறது, இம்ப்ரூவ். ‘தி விண்ட் பிக்ட் அப்’, காற்று வலுத்தது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த அர்த்தத்தில் ‘பிக்ட் அப்’புக்கு முன்னால் ‘இஸ்’, ‘வாஸ்’ நுழையக் கூடாது. ‘தி ஆர்டர்ஸ் ஆர் நாட் பிக்ட் அப்’ என்று எழுதினால், ஆர்டர் மந்தம் என்று பையர் படிக்க மாட்டார். முடித்து வைத்த சரக்கை யாரும் வந்து எடுக்கவில்லை என்றுதான் படிப்பார்.

சொல் வரிசையில் ஒன்று மட்டும். ‘பிக் அப் தி கார்ட்டன்ஸ்’, ‘பிக் தி கார்ட்டன்ஸ் அப்’ இரண்டும் சரி. இட், தெம் மாதிரி சின்னச் சொல் வந்தால் நடுவில்தான் உட்காரும். ‘பிக் தெம் அப்’. ‘பிக் அப் தெம்’ தப்பு.

இனி, முன்னே விட்ட காரணம். படிக்கும்போது பிக் அப் எத்தனை அர்த்தத்தில் வந்தாலும் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதும்போது, பணமோ தேதியோ பொறுப்போ இருக்கிற வரியில் அதைப் போடாதீர்கள். சரக்கு எடுக்க கலெக்ட், செலவுக்கு பே, பேச்சைத் தொடர ரெஸ்யூம் என்று ஒரே அர்த்தம் உள்ள சொல்லாகப் போடுங்கள். அவர்கள் பிக் அப் என்று எழுதிய மெயிலுக்கும் ‘யெஸ்’ என்று மொட்டையாகப் பதில் போடாமல், நீங்கள் புரிந்துகொண்டதை ஒரு வரியில் திருப்பி எழுதிக் கேளுங்கள். இங்கிலீஷ் சுமார் என்று நினைப்பார்களோ என்று கூசவே வேண்டாம் தம்பி. தெளிவாகக் கேட்பவரைத்தான் வியாபாரத்தில் நம்புவார்கள்.

கேள்வி: ‘வண்டிக்குப் பிக்கப் இல்லை’ என்கிறோமே, அது தப்பான ஆங்கிலமா? எங்கள் சாயப்பட்டறையில் வேறு ‘பிக்கப் 70’ என்கிறார்கள்.
(வாசகி, பெருந்துறை)

பதில்: தப்பே இல்லைங்க. வண்டி சட்டென வேகம் பிடிக்கும் திறனுக்கு அமெரிக்க ஆங்கிலத்திலும் பிக்கப் என்று பெயர். பெயர்ச்சொல்லாக வரும்போது ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதலாம். வினையாக வந்தால் இரண்டு சொல். பட்டறையில் சொல்வது இன்னும் துல்லியம். சாயத்தண்ணீரில் முக்கி, ரோலர்களுக்கு நடுவே பிழிந்து வெளியே வரும் துணி எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற கணக்கு அது. 100 கிலோ உலர்ந்த துணி 170 கிலோவாக வந்தால் பிக்கப் 70 சதவீதம். ரோலரின் அழுத்தத்தைக் கூட்டினால் இந்த அளவு குறையும்.